வெறும் மணலை நோக்கி

முழுதாக இழுத்த வில்லில் அம்பு கன்னத்தைத் தொட்டதுதான் தாமதம், வலது கை தானாக விட்டுவிடும். ‘நிறுத்து, நிறுத்து’ என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் அம்பு போயிருக்கும். ஜப்பானிய வில்வித்தையான க்யூடோவில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு: ஹயாகே. பல வருடம் எய்தவர்களையும் இது பிடிக்கும். இதனாலேயே வில்லை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

வேலைக்காக நகோயா வந்த இரண்டாம் வருடம், வீட்டுப் பக்கத்திலிருந்த ஒரு பழைய டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் இலக்குப் பக்கமே விடவில்லை. பலகைத் தரையை ஈரத்துணியால் துடைப்போம். நடக்கவும் உட்காரவும் எழவும் பழகினோம். அப்புறம் ரப்பர் கட்டிய கைப்பிடியை இழுத்து, எய்வதன் எட்டு நிலைகளையும் உடம்பில் ஏற்றிக்கொண்டோம். காலை அகட்டி நிற்பது முதல் நிலை; அம்பு போன பிறகும் கலையாமல் நிற்பது எட்டாவது. அடுத்து, வில்லின் நீளமளவே தள்ளி நின்று வைக்கோல் கட்டில் எய்தோம். அதில் தவற வழியே இல்லை. எனக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை.

28 மீட்டர் தள்ளி மணல்மேட்டில் 36 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஒருநாள் எட்டு அம்பில் ஐந்து பட்டது. பலகையில் என் பெயருக்கு நேரே ஐந்து வட்டம் போட்டுவிட்டு சென்செய், அதாவது ஆசிரியர், முகத்தைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பலகைப் பக்கம் திரும்பாமலே, “காய் இல்லை” என்றார்.

காய் என்பது ஆறாவது நிலை. முழுதாக இழுத்தபின் விடாமல் தாங்கி நிற்பது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சந்திப்பு என்று பொருள். என் காதில் அது எப்போதும் தமிழ்க் காயாகத்தான் விழும். பழுத்து, தானே காம்பை விட வேண்டியதை நான் பறித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இலக்கைக் கழற்றிவிட்டார். இழுக்க 12 கிலோ விசை கேட்கும் என் வில்லை வாங்கிக்கொண்டு இலேசான ஒன்றைக் கையில் தந்தார். “மணலைப் பார்த்து எய்யுங்கள்.” அவ்வளவுதான்.

எனக்கு அழுகையே வந்தது. பக்கத்தில் ஒரு பள்ளி மாணவன் எய்ய எய்ய, இலக்கின் தாள் ‘பட்’டென்று கிழிந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் என்னைக் குத்தியது. பயிற்சிக்கு முன் நாங்கள் சேர்ந்து சொல்லும் பழைய சீன வாசகம் ஒன்று உண்டு: அம்பு தவறினால் உன்னை வென்றவர்மேல் கோபப்படாதே, காரணத்தை உன்னிடமே தேடு. மாதக்கணக்காக அதை வாயால் ஒப்பித்தவன், அந்தப் பையன்மேல் மனசுக்குள் எரிச்சலோடு நின்றிருந்தேன். அது தெரிந்த அன்று வெட்கமாக இருந்தது.

வெறும் மணலில் அடிக்க எதுவும் இல்லை. அப்படியும் முதல் வாரங்களில் கை தானாகவே அம்பை விட்டது. மெல்லத்தான் மற்றவை புலப்பட்டன. இடது கை தள்ளத் தள்ள நெஞ்சு விரியும். மான்தோல் கையுறையில், குங்கிலியப் பொடி தடவிய இடம் மெதுவாகக் கிறீச்சிடும். அந்தக் கிறீச்சைக் கேட்கிற அளவுக்கு நிற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு மாலை, எண்ணவே மறந்து நின்றிருக்கிறேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. நாண் தெளிவாக ஒலித்தது. வில் கைக்குள் சுழன்று திரும்பியது. அம்பு எங்கே குத்தியது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

பின்னால் நின்ற சென்செய் இலக்கை எடுத்துக்கொண்டு வந்து, “மாட்டட்டுமா?” என்றார்.

“இன்னும் ஒரு மாதம் போகட்டும், சென்செய்” என்றேன்.

அவர் இலக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அம்புகளை எடுத்துவரப் போனார்.