சுவரோரம் ஒட்டிக்கிட்டு இருக்குற ஜீன்

மார்ச் 4, செவ்வாய்

அட்டாக்-சீக் சொதப்பிடுச்சு, அதான் செல்லுக்குள்ள டிஎன்ஏ எங்கெங்க திறந்து கிடக்குன்னு பாக்குற சோதனை. எலியோட தைமஸ்ல (டி செல்லுங்க வளர்ற உறுப்பு) இருந்து எடுத்த இளம் செல்லுங்க, 50,000 வேணும், எண்ணிப் பார்த்தா 15,000 கூட தேறல, நானும் சோம்பேறித்தனத்துல என்ஸைமைக் குறைக்காம அப்படியே ஊத்தி 37 டிகிரில அரைமணி நேரம் வச்சுட்டேன். டிஎன்5ங்குற அந்த என்ஸைம் திறந்து கிடக்குற டிஎன்ஏவைத்தான் வெட்டணும், ஹிஸ்டோன்ங்குற புரோட்டீன் உருண்டையைச் சுத்தி 147 எழுத்து இறுக்கமா சுருட்டிக்கிட்டு இருக்குற இடத்தை விட்டுடணும். செல்லு கம்மி, என்ஸைம் ஜாஸ்தி, கண்டமேனிக்கு வெட்டித் தள்ளிருச்சு. வெட்டின துண்டுங்களோட நீளத்தைக் காட்டுற, ஏணிப்படி மாதிரி வர வேண்டிய படத்துல ஓரமா ஒரே ஒரு மேடு.

மார்ச் 6, வியாழன்

தங்கச்சி போன். டி செல், பி செல் ரெண்டும் நோயை எதிர்க்கிற வெள்ளை ரத்த அணு வகைங்கன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். "எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏன்னா ஒண்ணு டி செல், ஒண்ணு பி செல்லுன்னு எப்படிக்கா ஆகுது?"

பீரோல எல்லாப் புடவையும் இருக்கும்டி, மேல இருக்குறதைத்தான கட்டுவோம்னேன். ரெண்டு மீட்டர் டிஎன்ஏ நூலு அம்மாந்தூண்டு உருண்டைக்குள்ள, அடியில போனது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"அப்ப மேல எடுத்து வைக்கிறது யாரு?"

நல்லா கேட்டா. தைமஸ்ல பக்கத்து செல்லுல இருந்து நாட்ச்ங்குற சிக்னல் கிடைச்சதும் டிசிஎஃப்-1னு ஒரு புரோட்டீன் வருது, மூடிக் கிடக்குற இடத்துல போய் உக்காந்து திறந்து விடுது.

மார்ச் 10, திங்கள்

ராத்திரி பூரா பிசிஎல்11பி பத்தியே படிச்சேன். இந்த ஜீன் ஆன் ஆனாதான் செல்லு "நான் டி செல்தான்"னு முடிவுக்கு வரும், அதுவரைக்கும் வேற பக்கம் தாவுற வாய்ப்பு இருக்கு. அதோட என்ஹான்சர், அதான் ஜீனை ஆன் பண்ண உதவுற டிஎன்ஏ துண்டு, முதல்ல நியூக்ளியஸ் சுவரோரம் ஒட்டிக்கிட்டு கிடக்கும், தைமோடின்னு புரோட்டீனே செய்யாத ஒரு ஆர்என்ஏ அந்தப் பக்கம் படியெடுக்க ஆரம்பிச்சதும் உள்ளாற நகர்ந்து வரும், இது 2017ல வந்த பேப்பர். என்னை அசத்தினது 2018ல அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணதுதான். எலி செல்லுல இருக்குற அந்த ஜீனோட ரெண்டு காப்பிக்கும் (அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு) ஆளுக்கொரு கலர் ஒட்டிவிட்டுப் பார்த்திருக்காங்க. ஒரே செல்லு, ஒரே சிக்னல், அதே புரோட்டீனுங்க, ஆனா ஒரு காப்பி திறந்து பல நாள் கழிச்சுதான் இன்னொண்ணு திறக்குது! அப்ப தாமதம் சிக்னல்ல இல்ல, அந்த காப்பியோட குரோமாட்டின்லயே, அதான் டிஎன்ஏ ஹிஸ்டோன்ல சுருட்டிக் கிடக்குற விதத்துலயே இருக்கு.

மார்ச் 13, வியாழன்

ஏணி வந்துருச்சு. முதல் மேடு, அடுத்தது ஏறக்குறைய 200 எழுத்து தள்ளி, அதுக்கப்புறம் இன்னொண்ணு. இந்த தடவை ரெண்டு முறை எண்ணினேன்.

தங்கச்சிக்கு போட்டோ அனுப்பினா அவ வேற கேள்வி கேக்குறா, ஒருதடவை பி செல் ஆயிட்டா அவ்ளோதானான்னு. இல்லியே, 2007ல வியன்னால முழுசா வளர்ந்த பி செல்லுல அதை பி செல்லாவே வச்சிருக்குற பாக்ஸ்5ங்குற ஜீனை மட்டும் தூக்கிட்டு எலிக்குள்ள விட்டாங்க, அது பின்னாடி போய் இளஞ்செல்லாகி தைமஸ்ல டி செல்லா வந்து நின்னுச்சு. "புடவையே கட்சி மாறுதா"ங்குறா.

சாம்பிளை சீக்வென்சிங்குக்கு குடுத்தாச்சு. எனக்கு முன்னாடி பதினோரு பேர்.