ஆய்வுக் கப்பலுக்கு வேகமான இணையம் வந்தபின்

கணினி வலையமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில் என்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இயக்கும் கடல் ஆய்வுக் கப்பல்கள் கரையோடு எப்படித் தொடர்புகொள்கின்றன என்பதை ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். அவற்றுக்கு வேகமான இணைப்பு கிடைத்திருப்பது பெரிய நன்மை; ஆனால் அந்த வேகத்துக்கு ஈடாகப் பாதுகாப்பு வளரவில்லை என்பதே என் கவலை.

ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் நடத்தும் ஹைசீஸ்நெட் என்ற செயற்கைக்கோள் இணைப்புச் சேவை வழியேதான் இக்கப்பல்கள் நெடுங்காலம் கரையோடு பேசிவந்தன. அதற்கான புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை நொடியாவது ஆகும். அந்தக் குறுகிய இணைப்பையும் விஞ்ஞானிகளும் மாலுமிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மடிக்கணினி தானாக விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கினாலே மற்றவர்களின் மின்னஞ்சல் முடங்கக்கூடிய சூழலில், அப்டேட்டுகளைத் தடுத்துவைப்பது சரியான முடிவுதான். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத கணினிகள் கப்பலில் சேர்வதற்கு அதுவே வழியாகவும் ஆனது. சில கருவிகளின் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது இன்னொரு காரணம்.

2022இல் ஸ்டார்லிங்க் தன் கடல்வழிச் சேவையைத் தொடங்கியது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், பூமிக்கு மிக அருகே சுற்றும் அதன் செயற்கைக்கோள்கள் தரும் வேகமான இணைப்பு வழியே, ஆழ்கடல் காட்சியைக் கரையிலுள்ள மாணவர்கள் நேரலையில் பார்க்கலாம். பழுதான கருவியைச் செய்து விற்ற நிறுவனத்தின் பொறியாளர் தம் அலுவலகத்திலிருந்தே கப்பலின் கணினிக்குள் நுழைந்து சரிசெய்யலாம். அவருக்காகத் திறந்த கதவை வேலை முடிந்ததும் மூடுவது யார் என்று எழுதிவைக்காத இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கப்பலுக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஜிபிஎஸ் கருவி நொடிக்கொரு முறை ஒரு வரியை அனுப்புகிறது: டாலர் குறியில் தொடங்கி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைச் சொல்லி, நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு சரிபார்ப்பு எழுத்துகளோடு முடியும் எளிய வரி அது. அந்த எழுத்துகள் வழியில் ஏற்பட்ட சிதைவைக் காட்டுமே தவிர, அனுப்பியது யார் என்பதைச் சொல்லாது. ஒலியலைகளால் கடல்தள வரைபடம் எடுக்கும் சோனார் முதல், கப்பலை ஒரே புள்ளியில் நிறுத்திவைக்கும் அமைப்பு வரை பலவும் இத்தகைய வரிகளை நம்பியே இயங்குகின்றன. பொய்யான வரியை ஒருவர் நுழைத்தால், வரைபடம் பிழையாவதோடு, ஆழத்தில் கருவியைத் தொங்கவிட்டு நிற்கும் கப்பலே இடம் பெயரக்கூடும்.

எனவே கப்பலோட்டும் அமைப்புகள், ஆய்வுக் கருவிகள், பயணிகளின் சொந்த மடிக்கணினிகள் ஆகிய மூன்றையும் தனித்தனி வலையமைப்புகளில் வைத்து, இடையே, அனுமதியில்லாத தரவைத் தடுக்கும் ஃபயர்வால் நிறுத்துவதே முதல் வேலை. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய விஞ்ஞானிகள் புதிய கணினிகளோடு ஏறுவதால், இதைத் தள்ளிப்போட முடியாது. பழைய கணினிகளை மாற்ற இயலாவிட்டால், இணையமே எட்டாத பகுதியில் வைக்கலாம். ஸ்டார்லிங்க் நின்றால் இரிடியம் என்ற வேறொரு செயற்கைக்கோள் சேவையோ பழைய இணைப்போ உடனே கைகொடுக்க வேண்டும் என்பதையும் துறைமுகத்திலேயே சோதித்துவிட வேண்டும்.

சர்வதேச கடல்சார் அமைப்பு 2017இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2021 முதல் கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மையில் இணைய அபாயமும் இடம்பெற வேண்டும். ஆனால் அதைச் செயல்படுத்த ஆள் வேண்டுமே. நள்ளிரவில் கருவியை இறக்கும் தொழில்நுட்பரே ஃபயர்வால் பதிவுகளையும் படிக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஓம்னிசாக் போல, பல நிறுவனங்களின் வலையமைப்புகளைத் தாக்குதல் நடக்கிறதா என்று இரவும் பகலும் கண்காணிக்கும் மையங்கள் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே நிபுணரைத் தேடுவதைவிட, அத்தகைய மையத்துக்கான செலவை எல்லாக் கப்பல்களும் சேர்ந்து ஏற்பதே நடைமுறைக்கு உகந்தது என்று உறுதியாக எண்ணுகிறேன்.