ஒரே ஆர்டர், ரெண்டு பிக் லிஸ்ட்

“ஏம்மா, அந்தப் பித்தளை புஷ் ஆயிரத்து இருநூறா, ரெண்டாயிரத்து நானூறா?”

காலை எட்டே முக்காலுக்கு எங்கள் பீன்யா ஸ்டோர்ஸ் அண்ணனிடமிருந்து போன். அல்சூரில் மெட்ரோ ஏறின நான் அப்போதுதான் மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவர் மேஜையில் ரெண்டு பிக் லிஸ்ட், அதாவது ஸ்டோர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய சாமான் பட்டியல். ஜெர்மனி கஸ்டமர், ஒரே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், ஒரே தேதி, ரெண்டிலும் 1,200. “நெசமாவே ரெண்டு மடங்கு வேணும்னா ஒரே லிஸ்ட்ல போட்டிருப்பானே?” என்றார். தர்மபுரிக்காரர். எங்கள் சர்வர், ஆர்டர் கணக்கைப் பார்க்கும் இஆர்பி சாஃப்ட்வேர் எல்லாம் கோட்டைவிட்டதை டீ குடித்துக்கொண்டே பிடித்துவிட்டார்.

ஆபீஸ் போய் லாகைத் திறந்தேன். ராத்திரி 1:40க்கு, கம்பெனிக்குக் கம்பெனி ஃபைல் அனுப்பும் ஏஎஸ்2 முறை வழியாக ஆர்டர் வந்திருக்கிறது. 2:05க்கு அதே ஆர்டர் இன்னொரு தடவை. ‘தப்பு உங்க பக்கம்’ என்று மெயில் தட்டக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, அனுப்பவில்லை.

ஏஎஸ்2 புதுசு ஒன்றும் இல்லை, 2005-இல் ஆர்எஃப்சி 4130 என்ற இன்டர்நெட் விதி ஆவணமாக வந்தது. ஃபைலில் கையெழுத்துப் போட்டு, பூட்டி, ஹெச்டிடிபியில் அனுப்புவார்கள். வாங்கினவர் எம்டிஎன் என்ற ரசீதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலுக்குத் திரும்பி வருமே அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு, அதேதான். கார்டு வரவில்லையென்றால்? தபாலே போய்ச் சேரலையா, சேர்ந்து கார்டு மட்டும் தொலைந்ததா என்று அனுப்பினவருக்குத் தெரிய வழியே இல்லை. மறுபடி அனுப்புவார். அனுப்பத்தான் வேண்டும். ‘சரியாக ஒரே தடவை டெலிவரி’ என்று விற்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஒயரில் அப்படி ஒன்று கிடையாது. ரசீது வரும்வரை அனுப்புகிறவர் விடக் கூடாது, வாங்குகிறவர் மறக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தால்தான் அது நடக்கும். இதே மாதிரி வேலைக்கு 2002-இல் வந்த இபிஎக்ஸ்எம்எல் மெசேஜ் சர்வீஸ் 2.0 என்ற இன்னொரு முறை இதையெல்லாம் எழுத்திலேயே வைத்திருந்தது: எத்தனை தடவை முயல்வது, எவ்வளவு இடைவெளியில், நகலை வடிகட்டுவதா, மெசேஜை எவ்வளவு காலம் பத்திரப்படுத்துவது. ஏஎஸ்2-இல் ரெண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் சர்வர் ஃபைலை வாங்கி, பிரித்து, இஆர்பியில் ஆர்டரைப் போட்டு முடித்த பிறகுதான் எம்டிஎன் கொடுக்கும். அப்படி எழுதினது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். எம்டிஎன்னிலேயே ‘பிராசஸ்டு’ என்றுதானே வருகிறது! ஆனால் ஃபைல் முழுசாக வந்தது, பூட்டு திறந்தது, கையெழுத்து சரி என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆர்டரை ஏற்றுக்கொண்டோமா என்று சொல்ல ஆர்டர் ரெஸ்பான்ஸ் என்று தனி மெசேஜ் இருக்கிறது. அன்று ராத்திரி பேக்கப் ஓடி இஆர்பி தவழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் டைம்அவுட் ஆகி கனெக்‌ஷன் கட். ஆர்டர் உள்ளே உட்கார்ந்துவிட்டது, ரசீது போகவில்லை.

யாரோ ஒருவர் அங்கே ஃபைலைக் கையால் மறுபடி க்யூவில் போட்டிருக்கிறார். தானாக ரீட்ரை ஆகியிருந்தால் பழைய மெசேஜ் ஐடியே வந்து எங்கள் வடிகட்டியில் மாட்டியிருக்கும். இது புது ஐடி, ஆகவே புது ஆர்டர். இஆர்பி ‘இந்த பிஓ நம்பர் ஏற்கெனவே இருக்கு’ என்று எச்சரிக்காமல் இல்லை. பின்னிரவு ரெண்டு மணிக்குத் தானாக ஓடும் ஜாபிடம் மஞ்சள் கலரில் எச்சரித்து யாருக்கு என்ன பயன்?

எங்க ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பேரையும் தொகையையும் நோட்டில் ஏற்றின பிறகுதான் தாம்பூலப்பையை நீட்டுவார். அந்த வரிசைக்கு மாற்றினேன். ஃபைலும் ஐடியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் டேட்டாபேஸில் விழும், உடனே எம்டிஎன், இஆர்பி வேலை அப்புறம். பையை முதலில் கொடுத்துவிட்டு சர்வர் படுத்தால் ஆர்டர் தொலைந்தது தொலைந்ததுதான். ‘ஏற்கெனவே இருக்கா’ என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுவதும் ஆகாது. ரெண்டு நகல் ஒரே நொடியில் ரெண்டு சர்வருக்கு வந்தால் ரெண்டு இடத்திலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஒரே மதிப்பை ரெண்டு தடவை ஏறவிடாத யூனிக் இண்டெக்ஸை டேட்டாபேஸில் போட்டு நேராக எழுதப் பார்க்க வேண்டும், மோதினால் நகல். நகல் என்று தெரிந்தாலும் ரசீதைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். அதுவும் புது ஐடியில் வந்த நகலுக்குப் பழைய ரசீது செல்லாது, அந்த ஐடியைக் குறிப்பிட்டுப் புதுசாகத்தான் தர வேண்டும்.

நகலை அடையாளம் காணும் சாவியாக எதை வைப்பது என்பதற்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸைப் பார்த்தேன். சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பில் வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்தே 64 எழுத்து ஐஆர்என் என்ற பில் அடையாள எண் பிறக்கிறது. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான், ரெண்டாவது தடவை 2150 என்று எரர் வரும். எங்கள் அக்கவுண்ட்ஸில் 2150-ஐப் பார்த்தாலே பதறுவார்கள். பெரும்பாலும் ‘பதிவாகிடுச்சு, விடுங்க’ என்றுதான் அதற்குப் பொருள். அந்த யோசனையைச் சுட்டு, கஸ்டமர் பேரோடு பிஓ நம்பரைச் சேர்த்துச் சாவியாக்கினேன். மூன்று வாரம் நிம்மதி.

அப்புறம் மறுபடி போன். “ஏம்மா, 1,200ஐ 800 ஆக்கி அனுப்பிட்டேன்னு அந்த ஆள் சொல்றானாம், சேல்ஸ்ல கத்தறாங்க. எனக்கு லிஸ்ட்டே வரலையே?”

ஆர்டர் வருவது எடிஃபாக்ட் என்ற வடிவ ஃபைலில். அதில் ஆவணம் என்ன என்று சொல்லும் பிஜிஎம் வரியில் ஒரு கோட் வரும். 9 என்றால் ஒரிஜினல், 7 என்றால் நகல், 5 என்றால் பழையதற்குப் பதில் இது. வந்திருந்தது 5. நான் அதை நகல் என்று முடிவு கட்டி, மரியாதையாக எம்டிஎன்னும் கொடுத்து, குப்பையில் போட்டிருந்தேன்.

இப்போது சாவியில் அந்த கோடும், உறையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் வரிகளுக்குக் கைரேகை மாதிரி போட்ட ஹாஷும் சேர்ந்திருக்கின்றன. நகல் என்று ஒதுக்கியதெல்லாம் தினமும் காலையில் ஒரு பட்டியலாக மெயிலில் வரும். பீன்யா ஸ்டோர்ஸுக்கும் ஒரு காப்பி போகிறது. அண்ணன் கேட்டு வாங்கினார்.