பில் கையில்தான் இருந்தது

நேற்று சாயங்காலம் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடை. அம்மாவுக்கு இரண்டு நைட்டி, எனக்கு ஒரு சுடிதார், பணம் கட்டி பில்லும் கையில் இருக்கிறது, வாசலைத் தாண்டும்போது அலாரம் அடித்தது. செக்யூரிட்டி பில்லைக் கேட்கவேயில்லை. நேராக அம்மாவின் ஹேண்ட்பேக்கைப் பிடித்து, "தொறந்து காட்டும்மா" என்றார்.

அம்மாவுக்கு 64 வயது. மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது கை நடுங்குகிறது, கூட்டம் மொத்தமும் நின்று பார்க்கிறது. கடைசியில் பார்த்தால் சுடிதாரில் இருந்த பிளாஸ்டிக் டேக்கைக் கழற்ற கேஷ் கவுன்டரில் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மேனேஜர் வந்து என்னிடம் சாரி சொன்னார். அம்மாவிடம் யாருமே சொல்லவில்லை!

அலாரம் அடித்தால் பில்லைக் கேட்கட்டும், சரி, அது அவர்கள் வேலை. ஆனால் நம் சம்மதம் இல்லாமல் பையைச் சோதிக்க தனியார் செக்யூரிட்டிக்கு அதிகாரம் கிடையாது. தெரிந்துகொள்ளுங்கள், போலீஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். காரணமில்லாமல் அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 127ஆம் பிரிவில் அது குற்றம். எனக்கு அந்த நேரத்தில் வாயே வரவில்லை, அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

பஸ்ஸில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டார், "என்னப் பாத்தா அப்படியாடி தெரியுது?"