பட்டறைக் குறிப்புகள்: ஒரு மார்க் 20எச், பத்தடிப் படகு ஒன்று

ஜனவரி 6

மேசை மேல் இருப்பது மெர்க்குரி மார்க் 20எச். 1950-களின் நடுவில் அமெரிக்காவின் பி வகுப்புப் பந்தயத்துக்கென்றே வந்த இரண்டு சிலிண்டர் அவுட்போர்ட், அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டார். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 2 7/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 2 1/8 அங்குலம். கணக்குப் போட்டால் 19.8 கன அங்குலம் வரும். பி வகுப்பின் வரம்பு 20. விட்டுவைத்தது 0.2 மட்டும்தான்.

இதே போர், ஸ்ட்ரோக்கை நான்கு சிலிண்டராக அடுக்கினால் மார்க் 55எச். டி வகுப்பின் 40-க்குள் அடங்கும். ஆறாக அடுக்கினால் மார்க் 75எச். எஃப் வகுப்பின் 60-க்குள். விஸ்கான்சினில் 1939-இல் கடை திறந்த மெர்க்குரியின் நிறுவனர் கார்ல் கீக்ஹேஃபர் ஒரே சிலிண்டர் அளவை வைத்து மூன்று வகுப்புகளைப் பிடித்துவிட்டார்.

மீன்பிடிக்கப் போன சாதாரண மார்க் 20-ஐயும் எச் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். ஸ்டிக்கரை விட்டுவிட்டு, நீருக்குள் இருக்கும் கியரும் ப்ரொப்பெல்லர் தண்டும் உள்ள கீழ்ப்பெட்டியைப் பாருங்கள். பந்தய மோட்டாரில் நியூட்ரல் கிடையாது, தண்ணீர் பம்பு கிடையாது, தானாகச் சுருளும் கயிறும் கிடையாது. முடிச்சுப் போட்ட கயிற்றை ஃப்ளைவீல் மேல் சுற்றி இழுக்க வேண்டும். குவிக்சில்வர் என்ற அந்தக் கீழ்ப்பெட்டி மெலிந்து, குட்டையாக, மூக்கு கூராக இருக்கும்.

ஜனவரி 13

மேக்னெட்டோ, பாட்டரி இல்லாமல் பொறி தரும் கருவி. பழைய காயில்களின் மேல்பூச்சு வெடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெடிக்காததும் நம்பத் தக்கதல்ல. குளிர்ந்த நிலையில் நல்ல பொறி தரும், சூடேறியதும் செத்துப்போகும். அதனால் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கால் அங்குல இடைவெளியை நீலப் பொறி சொடுக்கித் தாண்டுகிறதா என்று முதலில் பார்ப்பது. பிறகு முடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்ப்பது. இரண்டாவது சோதனையில்தான் பாதிக் காயில்கள் தோற்கும்.

கண்டென்சர் எதுவானாலும் புதிது. பாயின்ட்டை (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனையை) எமெரித் தாளால் தேய்க்கக் கூடாது. மணல் துகள் உலோகத்தில் பதிந்து மறுபடி கருக்கும். கரைப்பானில் நனைத்த விசிட்டிங் கார்டை இடையில் விட்டு இழுத்தால் போதும்.

சிலிண்டருக்கு ஒரு பாயின்ட். இரண்டும் திறக்கும் கணங்களுக்கு நடுவே சரியாக 180 டிகிரி இருக்க வேண்டும். டிகிரி வட்டை மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரி தப்பியிருப்பது சகஜம். அப்படி ஓட்டினால் ஒரு சிலிண்டர் மட்டும் முன்கூட்டியே எரிந்து, அந்தப் பக்கத்துப் பிஸ்டன் முதலில் ஓட்டையாகும். பிறகு கார்ப்பரேட்டரைக் குறை சொல்வார்கள்.

ஜனவரி 20

பிளாக்கைத் திறந்தாயிற்று. தனி ஹெட் இல்லை. சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் ஊதிப்போகும் தொல்லை இல்லை என்பது லாபம். ஹோனிங் செய்யும்போது (சிலிண்டரின் உள்சுவரைக் கல்லால் தேய்க்கும்போது) மேல்முனையில் இடிக்கும் என்பது நஷ்டம். ஹோன் கல்லின் பயணத்துக்கு டேப்பால் அடையாளம் வைத்துக்கொண்டு மெதுவாக இயக்க வேண்டும்.

பிஸ்டன் தலையில் ஒரு மேடு இருக்கிறது. செங்குத்தான பக்கம் கலவை உள்ளே வரும் போர்ட்டைப் பார்க்க வேண்டும், சரிவான பக்கம் புகை போகும் பக்கம். திருப்பிப் போட்டாலும் மோட்டார் ஸ்டார்ட் ஆகும், ஓடும். வேகம் மட்டும் வராது. ரிங் வாயில் உள்ள சிறு ஊசி, ரிங் சுழன்று போர்ட்டில் சிக்காமல் பிடித்து நிறுத்துவதற்கு. அது தளர்ந்திருந்தால் அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் போடுங்கள்.

ரீட் வால்வுகள் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடுகள்) கிராங்கின் நடு பேரிங் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. தகடு இருக்கையோடு ஒட்டிப் படிய வேண்டும், 0.007 அங்குல ஃபீலர் கேஜ் உள்ளே நுழைந்தால் தகட்டை மாற்ற வேண்டும். வளைந்த தகட்டைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பக்கம் வளைந்து களைத்த உலோகம் அது. உடைந்தால் துண்டு நேராகக் கிராங்குக்குத்தான் போகும்.

ஜனவரி 21

கனெக்டிங் ராடில் தளர்ந்த ஊசி ரோலர்கள். கழற்றும் முன் அடியில் வெள்ளைத் துணி விரித்து, ராடு ராடாகத் தனித்தனிக் கிண்ணத்தில். ஒன்று கலந்தாலும் முழுத் தொகுதியும் புதிது வாங்க வேண்டும். ராடு மூடி ஒரே திசையில்தான் பொருந்தும்; உடைத்துப் பிரித்த கோடு நகத்துக்குத் தட்டக் கூடாது.

பிப்ரவரி 3

எரிபொருள். இதில்தான் விவாதம் அதிகம், அளவுகள் குறைவு.

அந்தக் காலத்து வழக்கம் ஒரு அமெரிக்க காலன் பெட்ரோலுக்கு அரை பைன்ட் ஆயில், அதாவது 16-க்கு 1. இன்றைய ஆயில் நல்லது என்று 50-க்கு 1 போடுகிறவர்கள் ஊசி ரோலர்களை நீல நிறத்தில் எடுப்பார்கள். 20-க்கு 1-ஐவிட ஆயிலைக் குறைக்காமல் இருப்பதே என் கருத்து. ஒன்றை மறக்கக் கூடாது: ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் (கார்ப்பரேட்டரின் எரிபொருள் துளை) வழியாகப் போகும் பெட்ரோல் குறையும். ஆயில் மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வேண்டாம். கார்ப்பரேட்டரில் தக்கை மிதவை இருந்தால் அதன் மேல் பூசிய ஷெல்லாக்கை எத்தனால் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து, கிண்ணம் வழிந்துகொண்டே இருக்கும்.

பக்கத்து மேசையில் ஒரு ஜான்சன் பிஆர் காத்திருக்கிறது. 30 கன அங்குலம், சி வகுப்பு, எதிரெதிராகப் படுத்த இரட்டைச் சிலிண்டர். அது மெத்தனால் வர்க்கம். மெத்தனாலில் சாதாரண மினரல் ஆயில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். பழைய கலவை 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். ஆக எரிபொருள் சுமார் 2.3 மடங்கு பாய வேண்டும். ஜெட் துளையின் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஜெட்டை மட்டும் பெரிதாக்கிவிட்டு ஊசி வால்வின் இருக்கையையும் பெட்ரோல் குழாயையும் பழைய அளவிலேயே விட்டால், முதல் நேர்பாதையின் பாதியில் கிண்ணம் வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர். கையுறை கட்டாயம், தோல் வழியாகவும் விஷம் ஏறும்.

பிப்ரவரி 17

கீழ்ப்பெட்டி. பம்பு இல்லாததால் படகு ஓடும் வேகத்தில் வரும் நீரழுத்தமே குளிர்விக்கிறது. பட்டறையில் பிடிக்க வைத்தால் சில நொடிகளில் அணைத்துவிட வேண்டும், அல்லது நீர்வழியில் குழாயை நேரடியாகச் செருக வேண்டும். போட்டிக்கு முன் நீரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பதும் இதே ஆபத்துதான்.

மூக்கிலும் பக்கங்களிலும் சொறி பிடித்தாற்போல் குழிகள் இருந்தால் அது துருவல்ல, நீர்க்குமிழிகள் வெடித்துத் தின்ற தடம். எபாக்ஸியால் நிரப்பி, அச்சுத்தாள் வைத்து இரு பக்கமும் ஒரே வளைவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் படகு அந்தக் கீழ்ப்பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே போகும்.

மார்ச் 2

படகு. பத்தடி நீளம், மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன், அதாவது மூன்று இடங்களில் மட்டும் நீரைத் தொட்டு ஓடும் பந்தயப் படகு. முன்னால் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பான்சன் (பக்கவாட்டில் நீட்டிய மிதவைப் பகுதி), பின்னால் ப்ரொப்பெல்லர் பக்கம் மூன்றாவது புள்ளி. ஓடும்போது நீரைத் தொடுவது அவ்வளவுதான். நியூ ஜெர்சியின் வென்ட்னரில் அடால்ஃப் ஏபெல் 1930-களில் நிலைநாட்டிய வடிவம் இது. பிறகு புளோரிடாவின் மவுன்ட் டோராவில் ஸ்விஃப்ட், நியூ ஜெர்சியில் சிட்-கிராஃப்ட் என்று பட்டறைகள் பெருகின. கலிபோர்னியாவின் டி சில்வா படகுகளுக்கு ரனபவுட் (ஸ்பான்சன் இல்லாத சாதாரண அடிப்பாகப் படகு) வகுப்புகளில் பேர்.

எஞ்சினுக்கு மூன்று கோட் பெயின்ட் அடித்துவிட்டு, படகை ஒரு தடவைகூடக் கவிழ்த்துப் பார்க்காதவர்கள் நிறைய. வேகம் இருப்பது அந்தக் கவிழ்த்த பக்கத்தில்தான்.

நேரான இரும்புச் சட்டம், நான்கடி நீளம். ஸ்பான்சனின் அடித்தட்டிலும் பின்பலகைக்கு முன்னுள்ள அடிப்பாகத்திலும் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது. வெளிச்சம் நடுவில் கசிந்தால் அடிப்பலகை உள்வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ரனபவுட்டில் பின்பக்கம் தூக்கி அணியம் (படகின் முன்முனை) அமுங்கும். நீரில் ஒட்டிக்கொண்டு வேகம் வராது. இரு முனையிலும் கசிந்தால் வயிறு தள்ளியிருக்கிறது. நேர்பாதையில் அணியம் குதித்துக்கொண்டே போகும். 1/16 அங்குலமே போதும், வித்தியாசம் தெரிய.

பின்விளிம்புகள் கத்தி போல் கூராக இருக்க வேண்டும். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அழகாக உருட்டிவிட்டால் நீர் அந்த உருட்டைச் சுற்றி மேலேறிப் பற்றிக்கொள்ளும். வார்னிஷ் அடித்த பிறகும் அந்த விளிம்பை மட்டும் கட்டை வைத்துச் சதுரமாக்க வேண்டும்.

இரண்டு ஸ்பான்சன்களின் சாய்வையும் டிகிரிக் கருவியால் அளந்து எழுதி வையுங்கள். எழுபது வருடத்தில் ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். கூடுதல் சாய்வுள்ள பக்கம் காற்றில் தூக்கும். பக்கவாட்டில் புரள்வதற்கு அதுவே தொடக்கம்.

ப்ளைவுட்டை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டக்' என்றால் சரி, 'தொப்' என்றால் சட்டத்திலிருந்து பசை விட்டிருக்கிறது. பின்பலகையில் கிளாம்ப் கடிக்கும் இடத்தையும், ஆணித்துளைகளைச் சுற்றியும் ஊசியால் குத்திப் பார்ப்பது. மோட்டார் கழன்று போவது அங்கிருந்துதான்.

மார்ச் 9

ஸ்டீயரிங், த்ராட்டில். ஓட்டுபவர் மண்டியிட்டு இருப்பார். வலது கை சக்கரத்தில், இடது கை அழுத்தும் த்ராட்டிலில். கை விட்டால் ஸ்பிரிங் உடனே மூட வேண்டும். கேபிள் உறைக்குள் ஒரு நூலிழை பிரிந்தாலும் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். பிரிந்த கேபிளை வெட்டி ஒட்ட வேண்டாம், புதிது போடுங்கள்.

ஸ்டீயரிங் கப்பிகளை மரத்திருகாணியால் பிடித்த பழைய படகுகள் நிறைய. எல்லாவற்றையும் ஊடுருவும் போல்ட்டாக, பின்னால் தகடு வைத்து மாற்ற வேண்டும். ஓட்டத்தின் நடுவில் கப்பி பிடுங்கினால் மோட்டார் ஒரே வீச்சில் ஒரு பக்கம் திரும்பும். படகு அங்கேயே சுழலும், ஓட்டுபவர் நேராகப் போவார். எஞ்சினை அணைக்கும் கயிறு உடம்பில் கட்டியிருக்க வேண்டும். 1950-களின் படங்களில் அது இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 23

ப்ரொப்பெல்லர். இரண்டு இதழ், வெண்கலம். எண்களை முதலில் பார்ப்போம். நிமிடச் சுற்றை பிட்ச் (வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அங்குலத்தால் பெருக்கி 1056-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது வரும். கியர் 1-க்கு 1, 6000 சுற்று, 10 அங்குல பிட்ச் என்றால் 56.8 மைல். நீரில் உண்மையில் 51 போனால் வழுக்கல் சுமார் 10 சதவீதம், நல்ல படகுதான். 45 போனால் 20 சதவீதத்துக்கு மேல் வழுக்குகிறது. ப்ரொப்பெல்லரை மாற்றும் முன் உயரத்தைச் சரிபாருங்கள்.

முத்திரையில் 10 என்று இருப்பதை நம்ப முடியாது. பல கைகள் சுத்தியால் தட்டியிருக்கும். மையத்திலிருந்து 3 அங்குல ஆரத்தில் இதழின் சாய்வை அளந்தால் 10 அங்குல பிட்சுக்கு 28 டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரி தப்பினால் பிட்ச் 0.2 அங்குலம் மாறிப்போகும். இரு இதழும் ஒன்றுக்கொன்று சரியாக இருப்பது, இரண்டும் எண்ணுக்குச் சரியாக இருப்பதைவிட முக்கியம். இல்லையென்றால் நடுங்கி நடுங்கிக் கீழ்ப்பெட்டியின் பேரிங்கைத் தின்னும்.

ஏப்ரல் 13

நீரில் இறக்கினோம். நியூட்ரல் இல்லாததால் எஞ்சின் பிடித்த நொடியே படகு கிளம்பும். பின்னால் இருவர் இடுப்பளவு நீரில் நின்று பின்பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

மோட்டார் உயரம்: ப்ரொப்பெல்லர் தண்டின் மையம் அடிப்பாகத்துக்குக் கீழே ஓர் அங்குலம் என்று தொடங்கி, 1/8 அங்குலக் கட்டை வைத்து வைத்து உயர்த்துவது. உயர்த்த உயர்த்த கீழ்ப்பெட்டியின் இழுவை குறைந்து வேகம் கூடும். ஒரு கட்டத்தில் திருப்பத்தில் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி, எஞ்சின் அலறும், படகு நிற்கும். அந்த இடத்திலிருந்து ஒரு கட்டை கீழே இறக்கி நிறுத்துங்கள். அதோடு குளிர்விக்கும் நீர் இன்னும் வருகிறதா என்றும் பாருங்கள். உயரத்தில் முதலில் நிற்பது அதுதான்.

மோட்டாரின் சாய்வையும் உயரத்தையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். காற்று, அலை, உடல் எடை, பெட்ரோல் அளவு நான்கையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குறிக்க வேண்டும்.

இடமும் கணக்கில் உண்டு. கலிபோர்னியாவின் சால்டன் கடல், கடல் மட்டத்துக்கு 200 அடிக்கும் கீழே கிடப்பது. காற்று அடர்த்தி, உப்பு நீர் அடர்த்தி. பழைய வேகச் சாதனைக்காரர்கள் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல. மலை ஏரிக்குப் போனால் ஜெட்டைக் குறைக்க வேண்டியதற்கும் அதே காரணம். சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் 1958-இல் ஹ்யூபர்ட் என்ட்ராப் ஒரு மெர்க்குரி 75எச்சை வைத்து மணிக்கு 107.821 மைல் எடுத்தார். இரண்டே ஆண்டில் லேக் ஹவாசுவில் எவின்ரூட் எஞ்சினோடு அவரே அதை 122.979 ஆக்கினார். முதல் எண், மீன்பிடிக்காரர் வாங்கும் மோட்டாரோடு ஒரே வார்ப்பில் பிறந்த பிளாக்கில் வந்தது என்பதை இந்த மேசை மேலுள்ள இரண்டு சிலிண்டரைப் பார்க்கும்போது நம்ப முடிகிறது.

ஏப்ரல் 14

திருப்பம் எப்போதும் இடப்பக்கம். அதனால் ஃபின் தகடு (படகு பக்கவாட்டில் சறுக்காமல் நீரைப் பிடிக்கும் தகடு) இடது ஸ்பான்சன் பக்கம் இருக்கும். அதன் முன்விளிம்பு கூராக, படகின் மையக்கோட்டுக்கு இணையாக. ஒரு டிகிரி தப்பினாலும் நேர்பாதையில் பிரேக் போட்டது மாதிரி இழுக்கும். திருப்பத்தில் பின்பக்கம் வெளியே சறுக்கினால் தகடு சிறிது. உள்ளே கொக்கி போட்டுத் திரும்பினால் பெரிது, அல்லது மிக முன்னால் இருக்கிறது.

மே 4

ஓட்டம் முடிந்தபின் செய்வது. மெத்தனால் மோட்டாரை அன்றே பெட்ரோல்-ஆயிலில் ஒரு நிமிடம் ஓட்டிக் கழுவ வேண்டும், நீர்க்குழாய் செருகியபடி. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு வாரம் விட்டால் கிராங்க் பேரிங்கில் துருப்புள்ளி வரும். விளக்கெண்ணெய் பசையாகி ரிங்கை ஒட்டிவிடும்.

20எச்சுக்கு அவ்வளவு வேலை இல்லை. கிண்ணத்தை வடித்து, ப்ளக் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கையால் சுற்றி விட்டால் ஆயிற்று. கீழ்ப்பெட்டியை மட்டும் செங்குத்தாக இரவு முழுக்க விட்டு, காலையில் கீழ்த் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் வருவது ஆயில் என்றால் இறுக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு வைக்கலாம். தண்ணீர் வந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தாலோ, ப்ரொப்பெல்லர் தண்டின் சீல் போய்விட்டது. தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சீலை மாற்றுங்கள்.