கோழி எச்சத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன்

வீட்டின் பின்புறத்தில் ஐந்து பெட்டைக் கோழிகளை வளர்க்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், ஒரு காலை கூண்டைத் திறந்தபோது, அவை உட்காரும் கட்டைக்குக் கீழே கரும்பழுப்பு நிறத்தில், குழைந்த களிம்பு போல் வழவழப்பான எச்சம் ஒன்று கிடந்தது. அதன் நாற்றம் கூண்டுக்கு வெளியிலேயே மூக்கைத் தாக்கியது. கழிச்சல் நோய் வந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். யாரிடமும் கேட்காமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றை வாங்கி, மூன்று நாள்கள் குடிநீரில் கலந்து கொடுத்தேன். நான்காம் நாளும் அதே எச்சம் விழுந்தது. கோழிகளோ மருந்துக்கு முன் எப்படி மண்ணைக் கிளறி இரை தேடினவோ, பின்பும் அப்படியே தேடின.

அதன் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனேன். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கோழிக்கு இரண்டு குருட்டுக்குடல்கள் பை போல் கிளை பிரிகின்றன என்றும், செரிக்காமல் மிஞ்சிய தீனியின் ஒரு பகுதி அங்கே தங்கி நுண்ணுயிரிகளால் நொதிக்கப்படுகிறது என்றும், அந்தப் பைகள் நாளுக்குச் சில முறை தம்மைக் காலி செய்யும்போது வெளிவருவதே நான் பார்த்த எச்சம் என்றும் அவர் விளக்கினார். அதில் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் இருக்காது. கடுகு மஞ்சளிலிருந்து கருஞ்சாக்லேட் நிறம் வரை எப்படியும் இருக்கலாம். சில நேரம் நுரைத்தும் இருக்கும். அது வருவதுதான் ஆரோக்கியம். நலமாக இருந்த கோழிகளுக்கு நான் மருந்து கொடுத்திருந்தேன். அந்த மருந்து முட்டையில் இறங்கும் என்பதால், அவர் சொன்ன நாள் வரை இட்ட முட்டைகளை எல்லாம் கொட்ட வேண்டியிருந்தது.

நோயைத் தேடுவதற்கு முன் என் கோழிகளின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். கட்டைக்குக் கீழே ஒரு பலகையைப் பொருத்தி, அதன்மேல் தினமும் மாலையில் பழைய தாளை விரித்தேன். கோழிகள் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே அடைவதால், எந்த எச்சம் எந்தக் கோழியுடையது என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த திரண்ட பகுதி, அதன் முகட்டில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் பகுதி: இதுதான் பொதுவான தோற்றம். பறவைகள் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை; சிறுநீரகம் பிரித்தெடுக்கும் யூரிக் அமிலமே அந்த வெள்ளை. ‘வெள்ளைக் கழிச்சல்’ என்ற பெயரைக் கேட்டுப் பழகியவர்கள் வெள்ளையைக் கண்டாலே அஞ்சுகிறார்கள், நானும் அஞ்சியிருக்கிறேன். அந்த நோயில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போவதோடு, மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல், அடுத்தடுத்துச் சாவு என்று கூட்டம் முழுவதுமே குலையும். எச்சத்தில் வெள்ளை தெரிவது மட்டும் நோயாகாது.

தாளில் பார்த்த மாற்றங்களில் பல, தீனியையும் வெயிலையும் பொறுத்தவையே. வெப்பம் மிகுந்த நாளில் கோழிகள் அதிகம் குடிப்பதால் எச்சம் நீர்த்திருந்தது; தழைகளை நிறையத் தின்ற நாளில் பச்சையாக இருந்தது. பச்சை நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதால் அதை மட்டும் நான் எளிதாக விடுவதில்லை: பல மணி நேரம் இரையெடுக்காத கோழியின் குடலில் பித்தநீர் மட்டுமே இறங்குவதால், எச்சம் கொஞ்சமாகவும் கரும்பச்சையாகவும் வரும். பச்சையைக் கண்டால் அந்தக் கோழியைத் தூக்கித் தீனிப்பையைத் தடவிப் பார்ப்பேன். காலையில் இரை வைப்பதற்கு முன் அது காலியாக இருக்க வேண்டும். மாலையில் நிறைந்திருக்க வேண்டும். அடைக்கு உட்கார்ந்த கோழி ஒன்று, நாளில் ஓரிரு முறை மட்டும் எழுந்து, உள்ளங்கையளவு எச்சத்தைக் கடும் நாற்றத்துடன் கழித்தபோது நான் பதறவில்லை. கூட்டில் கழிக்காமல் அடக்கி வைப்பதால் அப்படி வருகிறது.

அந்தக் கோழி பொரித்த ஒன்பது குஞ்சுகளுக்கு ஐந்து வாரம் ஆனபோதுதான் உண்மையான நோய் வந்தது. அப்போது நான் தாமதித்துவிட்டேன். கூளத்தில் ஆரஞ்சு நிற இழைகள் சில கண்ணில் பட்டன. குடலின் உட்சவ்வு எப்போதாவது சிறிது உரிந்து வருவது இயல்பு என்று படித்திருந்ததால், இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஆனால் அதே இரண்டு நாளாக ஒரு குஞ்சு மற்றவற்றோடு ஓடாமல், தோளைக் குறுக்கி, இறகுகளை உப்பி, கண்களைப் பாதி மூடியபடி தண்ணீர்த் தட்டருகே நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அது நின்ற இடத்தில் கட்டி கட்டியாகப் புது இரத்தம் கலந்த எச்சம் இருந்தது. மாலைக்குள் அது இறந்துவிட்டது. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வெவ்வேறு இடங்களிலிருந்து புதிய எச்சங்களைச் சிறிய மூடிபோட்ட டப்பாவில் சேகரித்து, வெயில் படாமல் மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் அதை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி, குழாயின் விளிம்பில் கண்ணாடித் துண்டை வைத்து, சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பார்வைப் பரப்பு முழுவதும் முட்டை வடிவில், தெளிவான விளிம்புடைய உறைகள் நெருக்கமாகக் கிடந்தன. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் எய்மீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் உறைகள் அவை.

ஒரு குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு உடனே விளங்கியது. உறைகளை விழுங்கிய ஐந்தாம், ஆறாம் நாளில்தான் இரத்தம் வெளியே தெரியும். ஆகவே ஒன்றில் இரத்தம் தெரியும்போது, அதே கூளத்தைக் கொத்திய எல்லாக் குஞ்சுகளின் குடலிலும் ஒட்டுண்ணி பெருகிக்கொண்டிருக்கும். எட்டுக் குஞ்சுகளுக்கும் ஆம்ப்ரோலியம் கலந்த நீரைத் தவிர வேறு நீர் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டேன். ஐந்து நாள் முழு அளவு, பிறகு ஒரு வாரம் குறைந்த அளவு என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மருந்து வைட்டமின் பி1 போலவே அமைந்திருப்பதால், ஒட்டுண்ணி அந்தச் சத்துக் கிடைக்காமல் நலிகிறது. அதனால், குஞ்சுகள் தேறட்டும் என்று நான் கொடுத்துவந்த சத்து டானிக்கை அந்த நாள்களில் நிறுத்தச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் ஒரு கையால் மருந்தையும் மறுகையால் அதை முறிக்கும் சத்தையும் கொடுத்திருப்பேன்.

தண்ணீர்த் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து கசிந்ததில், மூலைக் கூளம் ஈரமாகிக் கட்டிதட்டிப் போயிருந்தது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் அந்த உறைகள் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. வழக்கமான கிருமிநாசினிகள் அவற்றை அழிப்பதில்லை. கூளம் முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்தினேன். தரையைச் சுரண்டி, வெயில் பட உலரவிட்டுப் புதிய கூளம் பரப்பினேன். தட்டை எச்சம் விழாதபடி குஞ்சுகளின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். இரண்டாம் நாள் இன்னொரு குஞ்சு இறந்தது. நான்காம் நாளுக்குப் பிறகு இரத்தம் காணப்படவில்லை. எஞ்சிய ஏழும் மெல்லத் தேறின. ஒன்று மட்டும் நீண்ட நாள் மெலிந்தே இருந்தது.

அவை வளர்ந்த பிறகு மறுபடியும் எச்சத்தைச் சோதிக்கக் கொடுத்தேன். நுண்ணோக்கியில் சில உறைகள் தெரிந்தன. வளர்ந்த கோழிகளில் சிறிதளவு இருப்பது சாதாரணம், எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கும், எடையும் இரையெடுப்பும் எப்படி என்று மருத்துவர் கேட்டார். தினமும் குறித்து வைத்திருந்த தாளைக் காட்டினேன். மருந்து எதுவும் எழுதாமல் அனுப்பினார்; நானும் எதுவும் வாங்காமல் திரும்பினேன்.