உட்காரத் தைக்கும் கோட்டு

குன்னூரில் தையல் கடை வைத்திருப்பவனுக்குக் கம்பளி வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ராணுவ அதிகாரிகளின் விருந்து உடையான மெஸ் டிரெஸ்தான். பக்கத்திலேயே வெலிங்டன். அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது, முப்படை அதிகாரிகளும் படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் இருக்கிறது. 1947 பிரிவினையில் குவெட்டா கல்லூரி பாகிஸ்தானோடு போனபோது இந்தியாவின் பங்கு இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. நட்பு நாடுகளிலிருந்தும் அதிகாரிகள் வந்து படிக்கிறார்கள். அதனால் பல நாட்டு விருந்து உடைகள் என் மேசைக்குப் பழுது பார்க்க வந்திருக்கின்றன. அப்பாவிடம் கற்ற வேலை இது. இன்றைக்கும் எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அதிகாரிகள் தங்கள் மெஸ்ஸில், அதாவது அவர்கள் சேர்ந்து சாப்பிடுகிற இடத்தில், முறைப்படியான இரவு விருந்துக்கு அணிகிற உடை இது. கோட்டு இடுப்போடு நின்றுவிடும். முன்பக்கம் பூட்டாமல் திறந்தே இருக்கும். உள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்தில் கருப்பு போ டை, இடுப்பில் ரெஜிமெண்ட் நிறத்தில் கமர்பந்து என்கிற அகலமான துணிப்பட்டை. மார்பில் மினியேச்சர் பதக்கங்கள், அதாவது பெரிய பதக்கத்தில் ஏறக்குறைய பாதி அளவு.

கோட்டு ஏன் இவ்வளவு குட்டை என்று தொழில் கற்க வருகிற பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். குதிரைதான் காரணம். சேணத்தில் உட்காரும்போது நீளக் கோட்டின் அடிப்பகுதி மடங்கிக் கசங்கும். அதனால் குதிரைப்படைக்காரர்கள் லாயத்து வேலைக்கும் அன்றாடச் சவாரிக்கும் இடுப்பளவு சட்டை போட்டார்கள். 1840களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்த மாதிரிக் குட்டைச் சட்டையையே பொத்தான் போடாமல், உள்ளே கையில்லாத வெய்ஸ்ட்கோட்டோடு, மாலை உணவுக்கு அணிய ஆரம்பித்தார்கள். மெஸ் டிரெஸ் அங்கிருந்து வளர்ந்தது. அப்புறம் இந்தியா வந்தவர்களுக்கு இந்த வெயிலில் வெய்ஸ்ட்கோட்டு தாங்கவில்லை. இந்த நாட்டுக்காரர்கள் இடுப்பில் கட்டுகிற கமர்பந்தைப் பார்த்துத் தாங்களும் கட்டிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க டின்னர் சூட்டோடு போகிற கமர்பந்து நம் மண்ணிலிருந்து போனது. அதன் மடிப்புகளை மேல்நோக்கி வைத்துத் தைக்கும்போதெல்லாம் எனக்கு அதில் ஒரு பெருமை.

ஆக, பிறப்பிலேயே இது உட்காருகிறவருக்கான உடை. சேணத்திலிருந்து நாற்காலிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அப்பா அளவு எடுக்கிற முறையும் அதையொட்டியே இருந்தது. சாதாரண கோட்டுக்கு ஆளை நிற்க வைத்து அளந்தால் போதும். மெஸ் ஜாக்கெட்டுக்கு நிற்க வைத்தும் அளப்பார், உட்கார வைத்தும் அளப்பார். நூலோட்டித் தைத்த கோட்டைப் போட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்லி, "சார், கிளாஸ் எடுக்கிற மாதிரி கையை நீட்டுங்க" என்பார். முதுகு எவ்வளவு இழுக்கிறது, அக்குளில் எங்கே பிடிக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வார். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு நொடிக்காக. விருந்தில் எல்லோரும் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். டோஸ்ட், அதாவது ஒருவர் பெயரைச் சொல்லி எல்லோரும் கோப்பையை உயர்த்திக் குடிக்கிற சடங்கு, முடியும் வரை மேசையை விட்டு எழுவது முறையல்ல. சாப்பாடு முடிந்து மேசை துடைத்த பிறகு போர்ட் ஒயின் குடுவை இடது பக்கமாகக் கை மாறிச் சுற்றி வரும். மெஸ் கமிட்டித் தலைவர் ஒரு முனையில் இருப்பார். இளைய அதிகாரி ஒருவர் 'மிஸ்டர் வைஸ்' என்ற பொறுப்போடு எதிர் முனையில் இருப்பார். குடியரசுத் தலைவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒருசேர எழுவார்கள். வாத்தியக் குழு தேசிய கீதம் வாசிக்கும். அந்த நேரத்தில் யாரும் கோட்டை இழுத்துவிட்டுக்கொள்ள முடியாது. அவ்வளவு நேரம் மடங்கிக் கிடந்த துணி தானாக விழுந்து சரியான இடத்தில் நிற்க வேண்டும். கமர்பந்துக்கும் பேண்ட்டுக்கும் நடுவே சட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. பேண்ட்டின் இடுப்பை மேலே ஏற்றி வைத்து, பெல்ட் இல்லாமல் தோள்வாரில் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

பிரிட்டிஷ் கடற்படையில் அரசருக்கான டோஸ்ட்டை உட்கார்ந்தபடியே சொல்லும் வழக்கம் உண்டு. பழைய மரக்கப்பல்களில் மேல்தளம் தாழ்வு, எழுந்தால் உத்தரத்தில் தலை இடிக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு இதைச் சொன்னது ஒரு கடற்படை அதிகாரி, ட்ரையலுக்கு உட்கார்ந்திருந்தபோது.

பதக்கம் இன்னொரு சோதனை. மினியேச்சர் என்றாலும் ஐந்தாறு சேர்ந்தால் கனம்தான். எல்லாமே இடது பக்கத்தில் தொங்குவதால் அந்தப் பக்கம் முன்துணி இறங்கி, இரண்டு முனையும் ஏறுமாறாகத் தெரியும். இடது மார்பில், கோட்டு விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸுக்குப் பின்னால் இன்னொரு அடுக்கு வைத்துக் கைத்தையல் போட்டால் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரெடிமேடில் இதைச் செய்வதில்லை. நான் பிரித்துப் பார்த்த பலவும் பிளேசரைக் குட்டையாக நறுக்கின மாதிரிதான் இருந்தன. முதுகு அளவும் நின்ற ஆளின் அளவு. இளம் கேப்டன்கள் காசு மிச்சம் என்று வாங்கி வந்து, விருந்துக்கு முதல் நாள் என்னிடம் கொண்டு வருகிறார்கள். பாவமாக இருக்கும். முடிந்ததைச் செய்து கொடுப்பேன். வெட்டிலேயே தவறு இருந்தால் ஊசி என்ன செய்யும்?

தங்கக்கம்பி வேலைக்குத் தனி மரியாதை. கையால் செய்கிற சர்தோசி பேட்ஜ்கள் வாரணாசியில் தயாராகின்றன. அங்கிருந்து வெளிநாட்டு ராணுவங்களுக்கும் போகின்றன. பனியும் ஈரமும் உள்ள எங்கள் மலையில் அந்தக் கம்பி சீக்கிரம் கருத்துப்போகும். வியர்வையும் சென்ட்டும் அதைவிட மோசம். போட்டுக்கொண்ட பிறகு மேலே சென்ட் அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

2024 பிப்ரவரியில் கடற்படை தன் மெஸ்களில் குர்தா, சுடிதார் பைஜாமா, மேலே கையில்லாத ஜாக்கெட் அணிய அனுமதித்தது. அதற்கு முன் ஆண்களுக்கு அந்த உடை அங்கே கிடையாது. "உங்க பொழப்பு போச்சா அண்ணா?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. குர்தாவும் உட்காருவதற்குச் சுகமான உடைதான், நம் உடையும்கூட. இந்த அனுமதி முன்பே வந்திருக்க வேண்டும் என்பேன். என் கவலையெல்லாம் மெஸ் ஜாக்கெட்டை வெட்டத் தெரிந்த கைகள் குறைவதைப் பற்றித்தான். கற்க வருகிற பையன்கள் மெஷின் பழகியதும் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சம்பளம் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது அண்ணன் மகள் கற்கிறாள். காலர் திருப்புவதில் என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம்.

தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ட்ரையலுக்கு வரும்போது விருந்துக்குப் போடும் ஷூவையும் பதக்கங்களையும் எடுத்து வாருங்கள். அரைமணி நேரம் ஒதுக்கி வாருங்கள். கால்மணி நேரமாவது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.